தோட்டத்திலிருந்து கப்பலுக்கு: உல்லாசக் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக்கு எங்கள் மலையக ஊரான மஸ்கெலியா வந்து இறங்கினால், இரண்டு நாளைக்குள் யாராவது ஒரு பிள்ளை எங்கள் வீட்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். "அண்ணா, கப்பலுக்கு எப்படிப் போறது? எவ்வளவு கட்டணும்?" முதல் கேள்வி எனக்குச் சந்தோஷம். இரண்டாவது கேள்விதான் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் நானும் அதே கேள்வியோடுதான் தொடங்கினேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, கொழும்பில் ஓர் ஏஜென்சியில் இரண்டரை இலட்சம் ரூபாய் கட்டினேன். ஒன்றரை வருடம் காத்திருந்தேன். கப்பலும் வரவில்லை, காசும் திரும்பவில்லை, சங்கிலியும் மூழ்கிப்போனது. பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு வருடம் வேலை பழகி, முறையான வழியில் நேர்முகத்துக்குப் போனேன். அந்த முறை வேலைக்கென்று யாருக்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவும் ஆளாகக் கப்பல் ஏறி, இப்போது நான்கு ஒப்பந்தங்கள் முடித்து, சமையல்காரனாக இருக்கிறேன். உங்கள் வீட்டுச் சங்கிலி கழுத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த வேலைக்குப் போகிறீர்கள்?

"கப்பல் வேலை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று பெரிய பிரிவுகள் உண்டு. கப்பலை ஓட்டுகிற டெக் பிரிவு, எந்திரப் பிரிவு, ஹோட்டல் பிரிவு. முதல் இரண்டுக்கும் கடல்சார் படிப்பு வேண்டும். ஆட்கள் மிக அதிகம் தேவைப்படுவது ஹோட்டல் பிரிவுக்குத்தான். 2024 ஜனவரியில் பயணிகளோடு ஓடத் தொடங்கிய ஐகான் ஒஃப் த சீஸ் என்ற கப்பலின் நீளம் 365 மீற்றர். அதில் வேலை செய்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,350 பேர். நம் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்களின் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) அவ்வளவு பேர் கிடையாது.

அனுபவம் குறைந்தவர்கள் நுழையக்கூடிய இடங்கள் இவை: சமையலறையில் யூட்டிலிட்டி (பாத்திரம் கழுவுதல், தரை துடைத்தல், குப்பை பிரித்தல்), சலவைப் பகுதி, பொது இடங்களைச் சுத்தம் செய்தல், மதுக்கூட உதவியாள். அறை பராமரிப்பு, உதவி வெயிட்டர், சமையல் உதவியாள் ஆகியவற்றுக்கு நல்ல ஹோட்டல் ஒன்றில் ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். பல கம்பனிகள் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. சில 18 வயதிலேயே எடுக்கின்றன.

யூட்டிலிட்டி வேலையைக் கீழாக நினைக்க வேண்டாம். நான் அங்கிருந்துதான் ஏறினேன். ஓய்வு நேரத்தில் காய்கறி வெட்டும் பகுதிக்குப் போய் நின்று பழகினேன். மூன்றாவது ஒப்பந்தத்தில் பதவி மாறியது. ஆனால் ஒன்று: அது உடம்பை வாங்கும் வேலை. ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஏழு மாதமோ ஒன்பது மாதமோ, ஒரு முழு நாள் லீவு என்று ஒன்று இல்லாமல்.

ஓர் எழுத்துப் பிழை, ஆறு மாதம்

மலையகப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் கடல் அல்ல, பிறப்புச் சான்றிதழ். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருடைய சான்றிதழ் சிங்களத்தில் பதியப்பட்டிருக்கும். அப்பாவின் பெயர் அதில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். ஊரில் இது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிவதில்லை. கப்பலுக்கு என்று வரும்போது கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், விசா, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றுகூட மாறாமல் இருக்கவேண்டும்.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் அங்கேயே ஆலோசனை கேளுங்கள். சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளூர் அலுவல் சிலவற்றுக்கு அது போதும். வெளிநாட்டுத் தூதரகத்தில் கேள்வி எழுந்தால் அதை நம்பி நிற்க முடியாது. திருத்தம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பெயர் சரியான பிறகு கடவுச்சீட்டு. பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகம் வரைக்கும் போகத் தேவையில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எடுத்த கையோடு முதல் பக்கத்தைப் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அப்புறம் பொலிஸ் நற்சான்றிதழ். அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கையில் தொழில், வாயில் ஆங்கிலம்

இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கல்லூரிகள் உண்டு. சமையல், பரிமாறுதல், அறை பராமரிப்பு ஆகியவற்றில் படிக்கலாம். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையின் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் நேர்முகத்தில் பேச்சு மாறும். அதற்குப் பிறகு நுவரெலியா, எல்ல, கண்டிப் பக்கம் ஒரு நல்ல ஹோட்டலில் சேருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. விலகும்போது பதவி, திகதி, கையொப்பம், முத்திரையோடு சேவைக் கடிதம் வாங்க மறக்காதீர்கள்.

ஆங்கிலம் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். பல கம்பனிகள் மார்லின்ஸ் என்ற கணினிப் பரீட்சை வைக்கின்றன. கேட்பது, வாசிப்பது, சொல் அறிவு எல்லாம் அதில் வரும். பேசும்போது இலக்கணம் கொஞ்சம் பிழைத்தாலும் பரவாயில்லை. சொன்னது விளங்கவேண்டும், நீங்கள் சொல்வதும் விளங்கவேண்டும். நம் நாக்குக்கு வரும் சிக்கல்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கரண்டிக்கும் பன்றி இறைச்சிக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நம்மில் பலர் இரண்டையும் "போர்க்" என்றே சொல்கிறோம். பன்றி சாப்பிடாத விருந்தாளியின் மேசையில் இது பெரிய விஷயம். முள்ளுக்கரண்டியைச் சொல்லும்போது கீழுதட்டை மேற்பல்லில் தொட்டுக் காற்றை விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கச்சான், பால், முட்டை, கோதுமை, இறால், நண்டு, எள் போன்ற ஒவ்வாமை தரக்கூடிய உணவுகளின் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். இதில் ஒரு பிழை, ஓர் உயிர்.

இன்னொன்று. நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி "சரி" என்கிறோம். பிலிப்பைன்ஸ்காரருக்கோ இத்தாலிக்காரருக்கோ அது "இல்லை" என்று தெரியும். வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். சொன்ன வேலையைத் திரும்ப ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

யாரிடம் போவது, எதற்குக் காசு கொடுப்பது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கப்பல் தொழிலாளருக்கென்று ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்று பெயர். சர்வதேச தொழில் நிறுவனம் உருவாக்கியது; 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது; இலங்கையும் 2017இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சமவாயப்படி, வேலை எடுத்துக் கொடுத்ததற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. நேராகவும் வாங்கக்கூடாது, சுற்றி வளைத்தும் வாங்கக்கூடாது. தொழிலாளி தன் செலவில் எடுக்க வேண்டியவை சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம் (கடல் வேலையைப் பதியும் புத்தகம்), கடவுச்சீட்டு போன்ற பயண ஆவணங்கள். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது.

"அப்படியானால் எல்லோரும் ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நாம் கொடுக்கிறோம், அதனால் வாங்குகிறார்கள். தோட்டத்தில் ஒரு குடும்பம் எட்டு, பத்து மாதம் சேர்த்தாலும் சேராத காசை வட்டிக்கு எடுத்துக் கொடுத்தால், முதல் ஒப்பந்தம் முழுவதும் அந்த வட்டிக்குத்தான் உழைப்பீர்கள். என்னோடு ஒரே காம்பராவில் இருந்த ஒரு தம்பி, ஏழாவது மாதம் வரை வீட்டுக்கு ஒரு ரூபாயும் மிச்சப்படுத்த முடியாமல் கடனே கட்டினான். இரவில் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவான்.

ஏஜென்சியைப் பார்க்கப் போகுமுன் அதன் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அந்த இலக்கம் உண்மையா, இன்னும் செல்லுபடியாகிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டு அறியலாம். கப்பலுக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பற்றிக் கொழும்பில் உள்ள வணிகக் கப்பல் செயலகத்திலும் விசாரியுங்கள். பெரிய கப்பல் கம்பனிகள் தங்கள் இணையத்தளத்திலேயே எந்த நாட்டில் எந்த முகவர் என்று போட்டிருக்கும். அதில் இல்லாத பெயர் என்றால் விலகுங்கள்.

இவற்றைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்: நேர்முகமே இல்லாமல் வேலைக் கடிதம், கம்பனிப் பெயர் இல்லாத சாதாரண மின்னஞ்சல் முகவரி, "இன்னும் ரெண்டு இடம்தான் இருக்கு, இன்னைக்கே கட்டுங்க" என்ற அவசரம், சுற்றுலா விசாவில் வேறொரு நாட்டுக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறலாம் என்ற பேச்சு, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுப்பது, பற்றுச்சீட்டு இல்லாமல் வட்ஸ்அப்பில் கணக்கு இலக்கம் அனுப்புவது. பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றுக்கான காசை அந்தந்த நிலையத்திலேயே நேரில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மருத்துவம், பயிற்சி, விசா

நேர்முகத்தில் தேறிய பிறகுதான் இவை. இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு. சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு. பல் சொத்தை இருந்தால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் காட்டிச் சரிசெய்யுங்கள். நடுக்கடலில் பல்வலி வந்தால் அடுத்த துறைமுகம் வரை தாங்க வேண்டிவரும். சில பயணப் பாதைகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அது போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும்.

கடலோடிகளின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி நான்கு பகுதிகள்: கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். இதோடு பாதுகாப்பு விழிப்புணர்வும், பயணிகள் கப்பலுக்கு என்றால் கூட்டத்தை வழிநடத்தும் பயிற்சியும் சேரும். உயிர் பிழைத்தலும் தீயணைப்பும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை.

தண்ணீர்ப் பயம் பற்றி வெட்கப்படாதீர்கள். பீலியில் குளித்து வளர்ந்த நமக்கு ஆழமான நீச்சல் குளமே புதிது. என் வகுப்பில் காலிப் பக்கத்துப் பையன்கள் மீன் மாதிரிக் குதித்தார்கள். நான் விளிம்பில் நின்று நடுங்கினேன். உயிர்காப்பு அங்கியோடு குதிக்கும் முறை இது: ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடுங்கள், மறு கையால் அங்கியைக் கீழே இழுத்துப் பிடியுங்கள், கீழே பார்க்காமல் நேராகத் தூரத்தைப் பாருங்கள், ஓர் அடி முன்னால் எடுத்து வையுங்கள். அவ்வளவுதான். அங்கி உங்களை மேலே கொண்டுவந்துவிடும். பயிற்சிக்கு முன் இரண்டு மாதம் நீச்சல் பழக வழி கிடைத்தால் பழகுங்கள். கொழும்புக்குப் போய் ஒரு தரம் கடலில் காலை நனைத்துவிட்டும் வாருங்கள். முதல் முறை கடலைப் பார்ப்பது ஒப்பந்தத்தோடு இருக்க வேண்டாம்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால் சி-1/டி என்ற கடலோடி விசா. தூதரகத்தில் கேட்கும் கேள்விக்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பதில் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கையொப்பம் இடுமுன் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கேளுங்கள். கப்பலின் அல்லது கம்பனியின் பெயர், பதவி, எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், விடுமுறைப் பணம், டிப்ஸ் எப்படிப் பங்கிடப்படும், விமான டிக்கெட் யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "மாதம் இவ்வளவு வரும்" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. வேலை செய்யும்போது நோயோ காயமோ வந்தால் கப்பலிலுள்ள மருத்துவம் இலவசம். வேலை செய்ய முடியாமல் வீட்டுக்கு அனுப்பினாலும் குறைந்தது 16 வாரம் வரை முழுதாகவோ பகுதியாகவோ சம்பளப் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு. இதுவும் அந்தச் சமவாயத்தில் இருப்பதுதான்.

பெட்டியில் என்ன

வழுக்காத அடியுள்ள கறுப்புச் சப்பாத்து, அதுவும் அரை அளவு பெரியதாக, ஏனென்றால் மாலையில் கால் வீங்கும். பருத்தி மேசு ஆறு ஜோடி. ஒரு கம்பளி, கப்பலுக்குள் குளிர்சாதனம் நம் நுவரெலியா மார்கழி மாதிரி இருக்கும். வலி நிவாரணித் தைலம். ஆவணங்களின் பிரதிகள். சாமிப் படம் கொண்டுபோகலாம். ஆனால் ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எதுவும் கூடாது, நெருப்பு என்பது கப்பலில் மிகப் பெரிய பயம். அதே காரணத்தால் தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பி, அயன்பெட்டி எல்லாம் பறித்துவிடுவார்கள். கருவாடு, ஊறுகாய், மிளகாய்த் தூள் கட்டிக் கொடுக்க அம்மாமார் நிற்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், பல நாடுகளின் விமான நிலையத்தில் அது குப்பைக்குத்தான் போகும்.

முதல் வாரம்: மறுபடியும் பெரட்டு

கப்பலில் ஏறியதும் கடவுச்சீட்டை அலுவலகத்தில் வாங்கிவைப்பார்கள். குடிவரவு வேலைக்காக அது வழக்கம், பயப்பட வேண்டாம். ஓர் அட்டை தருவார்கள். அதுதான் இனி உங்கள் சாவி, பணப்பை, அடையாளம் எல்லாம்.

தங்குமிடம் தண்ணீர் மட்டத்தை ஒட்டி அல்லது அதற்குக் கீழே. யன்னல் இருக்காது. இரண்டு பேருக்கு, சில இடங்களில் நான்கு பேருக்கு, அடுக்குக் கட்டில், ஒரு திரைச்சீலை, சின்னக் குளியலறை. மற்ற நாட்டுப் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்து முதல் நாள் அதிர்ந்து போவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் வளர்ந்த நமக்கு நெருக்கத்தில் வாழத் தெரியும். மெதுவாகக் கதவு சாத்துவது, அடுத்தவர் தூங்கும்போது வெளிச்சம் போடாதது, ஈரத் துணியை ஒதுக்கிக் காயப்போடுவது, இவையெல்லாம் லயத்தில் கற்றவை. அது உங்களுடைய பலம்.

பணியாளர்கள் நடக்கும் நீளமான நடைபாதையை அநேகக் கப்பல்களில் "ஐ-95" என்பார்கள், அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயர். வழி தவறினால் அங்கே வந்து நில்லுங்கள், எல்லாப் படிக்கட்டும் அதில்தான் வந்து சேரும்.

வேலையைவிட முதலில் கற்பிப்பது அவசரகாலப் பணியைத்தான். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மலை பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கப்பலிலும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், ஓர் இடம், ஒரு பொறுப்பு. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் பொது அவசரநிலை. பாத்திரம் கழுவுகிறவரும் அந்த நேரத்தில் படிக்கட்டில் நின்று பயணிகளுக்கு வழிகாட்டுகிறவராக மாறுவார். தயவுசெய்து இதை ஒரு சடங்காக எடுக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே ஒத்திகை நடக்க வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. உங்கள் இலக்கம், இடம், உயிர்காப்புப் படகு மூன்றையும் முதல் இரவே மனப்பாடம் செய்யுங்கள். விளக்கு அணைந்தாலும் போகத் தெரிய வேண்டும்; கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கைபிடியைத் தடவி நடந்து பாருங்கள்.

கடல் மயக்கம் வரும். முதல் மூன்று நாள் அநேகமாக எல்லோருக்கும். வயிற்றை வெறுமையாக விடாமல் காய்ந்த பிஸ்கட், பச்சை அப்பிள், இஞ்சி சாப்பிடுங்கள். முடிந்தால் மேலே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் கப்பல் ஆஸ்பத்திரியில் மாத்திரை தருவார்கள்.

நேரமும் கையொப்பமும்

சமவாயப்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம், 7 நாளில் குறைந்தது 77 மணித்தியாலம் ஓய்வு. அந்த 10ஐ இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக்கூடாது. ஒரு துண்டு 6 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. வேலை நேரப் பதிவில் நீங்கள்தான் கையொப்பமிடுவீர்கள். தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் எப்படிச் சண்டை பிடிப்போம்? அதே கவனம் இங்கேயும் வேண்டும். செய்யாத ஓய்வைச் செய்ததாக எழுதினால், நாளைக்குக் காயம் வந்தால் அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகப் பேசும். முறைப்பாட்டுக்கு ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நடைமுறை உண்டு. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். கோபத்தில் கத்தாமல், திகதி, நேரம், பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

இடைவேளை கிடைத்தால் தூங்குங்கள். முதல் ஒப்பந்தத்தில் எல்லோரும் செய்யும் தவறு, துறைமுகம் வந்தவுடன் ஓடி இறங்குவது. பார்சிலோனாவும் மயாமியும் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். கால் போனால் போனதுதான். துறைமுகத்தில் நிற்கும்போதும் ஒரு பகுதியினர் கப்பலில் இருந்தே ஆக வேண்டும், அந்த முறை உங்களுக்கு வரும் நாளில் இறங்க முடியாது.

சுத்தம் பற்றி: அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல்களில் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் முன்னறிவிப்பின்றி ஏறிச் சோதிப்பார்கள். எல்லோரும் அதை யூ.எஸ்.பி.எச். என்பார்கள். 100க்குப் புள்ளி, 85 அல்லது அதற்குக் குறைந்தால் தோல்வி. குளிர் உணவு 5 பாகை செல்சியசுக்கு மேலே போகக்கூடாது, சூடான உணவு 57 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. கழுவ ஒரு வாளி, அலச ஒரு வாளி, கிருமி நீக்க ஒரு வாளி, இவற்றைக் கலந்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். அறையில் தனியாக வைப்பார்கள், வேலை போகாது. மறைத்தால்தான் போகும். நோரோ வைரஸ் கை தேய்க்கும் மருந்துக்குச் சரியாக மசியாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் வழி.

வேலை போகும் வேறு வழிகள்: போதைப்பொருள், கைகலப்பு, பயணியின் அறைக்குப் போய் உறவு, அளவு மீறிய மது. பாதுகாப்புப் பணியில் இருப்பவரின் இரத்தத்தில் மது 0.05 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. சில கம்பனிகள் இன்னும் கண்டிப்பு. அவசரநிலையில் உங்களுக்கும் பொறுப்பு இருப்பதால் "ட்யூட்டி முடிந்துவிட்டது" என்பது பதில் ஆகாது.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண்களுக்குப் பெண்களோடுதான் அறை. மேலதிகாரியாக இருந்தாலும் யாராவது எல்லை மீறினால் அன்றைக்கே மனிதவள அலுவலரிடம் அல்லது பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள், நடைபாதைகளில் கமரா இருக்கிறது. "வீட்டுக்குத் தெரிந்தால் கூப்பிட்டுவிடுவார்கள்" என்று வாய் மூடி இருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவளை நாங்கள் இரண்டு இலங்கையர்தான் கூட்டிக்கொண்டு போய் முறைப்பாடு எழுத வைத்தோம். தப்புச் செய்தவன் அடுத்த துறைமுகத்தில் இறக்கப்பட்டான்.

எட்டு மாதச் சம்பளத்தில் பத்து மாதம் வாழ்வது

விடுமுறைக்கு வரும் ஆறு, எட்டு வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. தோட்டத்தில் இருந்த சேமலாப நிதியும் இங்கே இல்லை. ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். உதாரணத்துக்கு மாதம் 700 டொலர் கையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதத்துக்கு 5,600. அதைப் பத்தால் பிரித்தால் 560. அதுதான் உங்கள் உண்மையான மாதச் சம்பளம். வீட்டுக்கு அனுப்பும் தொகையை இதிலிருந்து தீர்மானியுங்கள்.

புறப்படுமுன் உங்கள் பெயரில் ஒரு வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறவுங்கள். வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு. இணையத்துக்கு ஏற்கெனவே காசு போகும், அதோடு பணியாளர் மதுக்கூடமும் சேர்ந்தால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. முதல் ஒப்பந்தத்தில் தொலைபேசி, சங்கிலி, மோட்டார் சைக்கிள் என்று எதுவும் வாங்காதீர்கள். அடகில் நகை இருந்தால் அதை மட்டும் மீட்டுவிடுங்கள்.

மனசு

கப்பலில் சோறு இல்லாத நாள் இல்லை. இந்திய, இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சிங்கள நண்பர்கள் உங்களுக்கு அண்ணன் தம்பியாக நிற்பார்கள், ஊரில் கிடைக்காத நெருக்கம் நடுக்கடலில் கிடைக்கும். ஆனாலும் தைப்பொங்கல் காலையில், மாசியில் ஊரில் காமன் கூத்து ஆடும் இரவில், நெஞ்சு கனக்கும். என் அப்பா இறந்தபோது நான் அட்லாண்டிக் கடல் நடுவில் இருந்தேன். துறைமுகத்துக்கு நான்கு நாள் இருந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இது உங்களுக்கும் நேரலாம். புறப்படுமுன் வீட்டில் இதைப் பேசிவிட்டு வாருங்கள்: அப்படி ஒன்று நடந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள், மறைக்காதீர்கள், எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் மறைத்தார்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்து வீட்டோடு பேசுங்கள். தினமும் பேசினால் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சின்னச் சண்டையும் உங்களோடு வேலைக்கு வந்து நிற்கும்.

இறங்கும் நாள்

ஒப்பந்தம் முடியும் மாதத்தில் இவற்றைக் கவனியுங்கள். கடைசிச் சம்பளக் கணக்கை அலுவலகத்தில் சரிபார்த்து அச்சுப்பிரதி வாங்குங்கள். கடலோடிப் புத்தகத்தில் ஏறிய திகதியும் இறங்கிய திகதியும் கப்பல் முத்திரையோடு பதியப்பட்டதா என்று அங்கேயே பாருங்கள். அடுத்த பதவிக்கு அந்தப் பக்கம்தான் சாட்சி. மேலதிகாரியின் மதிப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். காயம் ஏதாவது பட்டிருந்தால் இறங்குமுன் கப்பல் வைத்தியரிடம் எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கி, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக பஸ் ஏறி, அட்டனில் குளிர் முகத்தில் அடிக்கும்போது ஒரு மாதம் தூங்கலாம் போல இருக்கும். நான்கு நாள் தூங்குங்கள். ஐந்தாம் நாள் மருத்துவச் சான்றிதழ், பயிற்சி, விசா, கடவுச்சீட்டு ஒவ்வொன்றும் எந்தத் திகதியில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சீட்டில் அடுத்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரமே கண்டிக்குப் போய் வாருங்கள்.